வாடகை வீட்டுல ஆணி அடிக்கலாமா?

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆணி ஜாஸ்தி. ஆய்வேடு ஒரு பக்கம் கழுத்தை நெரிக்குது, மூணேகாலுக்கெல்லாம் கவிஞ்சிடுற ஓஸ்லோ இருட்டு இன்னொரு பக்கம். ஆனா இது புலம்பல் பதிவு இல்ல. கொஞ்சம் சட்டம், கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். நீளமாவும் இருக்கும். டீ போட்டு எடுத்துட்டு வந்துருங்க.

நான் குடியிருக்கிறது மோர்டென்ஸ்ருட். மூணாம் நம்பர் மெட்ரோவுல கடைசி ஸ்டேஷன். நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற பகுதி, பெரும்பாலும் ஈழத்துலேருந்து வந்தவங்க. வீட்டுக்கார அன்ரியும் யாழ்ப்பாணம்தான். (அவங்க ஊருல 'ஆன்ட்டி' கிடையாது, 'அன்ரி'. எனக்கும் இப்ப அதுவே வாயில வந்துருச்சு.) அன்ரியோட மச்சாள் போன வருஷம்தான் இங்க வந்து சேர்ந்தாங்க. நோர்ஸ்க் படிக்கணும், பரீட்சை எழுதணும். அதுக்குன்னு ஒரு வாசிப்புப் பயிற்சி மென்பொருள் காசு குடுத்து வாங்கியிருந்தாங்க. கதையில ஒரு வார்த்தை மேல கிளிக்கினா அர்த்தம் வரும். ஆங்கிலத்துல வரும், போலிஷ்ல வரும், அரபியில வரும். தமிழ்ல வராது.

ஒரு சனிக்கிழமை உக்காந்து பாத்தேன். கிளிக்குற வார்த்தையை அந்த மென்பொருள் ஒரு சின்னக் கோப்புல எழுதி வைக்குது. பூட்டு கீட்டு ஒண்ணும் இல்ல, சாதாரண எழுத்துக் கோப்பு. அதை எட்டிப் பாத்து, திரையோட மூலையில தமிழ் அர்த்தம் காட்டுற மாதிரி ஒரு நீட்சி எழுதினேன். (நெருப்புநரிக்கு நீட்சி போடுவோமே, அந்த மாதிரி ஒரு சங்கதி.) அகராதியை நான் செய்யல. அன்ரியும் அவங்க கூட்டாளிகளும் சாயங்காலம் சாயங்காலமா உக்காந்து நாலாயிரம் சொல்லுக்கு மேல தட்டினாங்க. நாப்பது பேர் வரைக்கும் பாவிச்சாங்க. இலவசம்.

அப்புறம் கம்பெனிகிட்டேருந்து ஒரு மடல் வந்துச்சு. கம்பெனி பேர் வேணாம், விடுங்க. சாரம் இதுதான்: எங்க உரிம ஒப்பந்தப்படி மூன்றாம் தரப்பு மென்பொருள் எதையும் எங்க மென்பொருளோட இணைக்கக் கூடாது, எங்க மென்பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு ஆராயக் கூடாது, பதினாலு நாளைக்குள்ள எடுத்துருங்க.

அன்ரிகிட்ட படிச்சுக் காட்டினேன். அவங்க கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, நாங்கள் காசு குடுத்து வாங்கினது தானே? பிறகு அதுக்குப் பக்கத்தில என்ன வைக்கிறம் எண்டு உவை எப்பிடிச் சொல்லலாம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுனதுதான் இந்தப் பதிவு. சட்டம் படிக்கிற ஒரு தோழி நிறைய உதவி பண்ணினா. நான் வக்கீல் இல்ல, அதையும் இப்பவே சொல்லிடறேன்.

கம்பெனிக்காரங்க பதில் என்னன்னா, நீங்க மென்பொருளை வாங்கவே இல்ல, பாவிக்க அனுமதி மட்டும்தான் வாங்கியிருக்கீங்க. வாடகை வீடு மாதிரி. நம்ம ஊர் ஹவுஸ் ஓனருங்க "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, மீன் சமைக்கக் கூடாது, பத்து மணிக்கு மேல தண்ணி எடுக்கக் கூடாது"ன்னு அடுக்குவாங்களே, அந்தப் பட்டியல்தான் உரிம ஒப்பந்தம். என்ன வித்தியாசம்னா, ஹவுஸ் ஓனர் பட்டியலை நாம காதால கேட்டுருப்போம். இதை யாரும் படிக்கிறதில்ல. 2016-ல நார்வே நுகர்வோர் மன்றம் ஒரு வேலை பண்ணுச்சு. ஒரு சராசரி நார்வேக்காரர் போன்ல இருக்கிற அளவு செயலிகளை எடுத்து, அதோட விதிமுறைகளை எல்லாம் கேமரா முன்னாடி ஒண்ணு விடாம சத்தமா படிச்சாங்க. முடிக்க முப்பது மணி நேரத்துக்கு மேல ஆச்சு. 2,50,000 சொல்லுக்கு மேல!

சரி, மேட்டருக்கு வருவோம். இதுல ரெண்டு சட்டம் பின்னிக் கிடக்கு. ஒண்ணு பதிப்புரிமை. மென்பொருளோட நிரல் வரிகளை நகல் எடுக்க, மாத்த, விநியோகிக்க உரிமை அதை எழுதினவருக்கு. இது எல்லாரையும் கட்டுப்படுத்தும். ரெண்டாவது ஒப்பந்தம். 'சம்மதம்'னு கிளிக் பண்ணினவரை மட்டும் கட்டுப்படுத்தும். எங்க விஷயத்துல கிளிக்கினது அன்ரியோட மச்சாள், நான் இல்ல. கம்பெனிங்க என்ன பண்றாங்கன்னா, பதிப்புரிமையால தடுக்க முடியாததை ஒப்பந்தத்துல எழுதிட்டு, அதை மீறினா பதிப்புரிமைத் திருட்டுன்னு மடல் அனுப்புறாங்க. ரெண்டையும் ஒண்ணாக் கலக்கிக் குடுத்தா கும்பிடு போட்டுட்டு எடுத்துருவான்னு நினைப்பு. நிறைய பேர் எடுத்தும் விடுறாங்க.

நான் உயிரோட இருக்கிறது ஐரோப்பாவுல. இங்க நிலைமை வேற.

1991-ல ஐரோப்பிய சமூகம் மென்பொருளுக்குன்னு ஒரு நெறிமுறை போட்டுச்சு (2009-ல அதையே திருத்தித் தொகுத்து மறுபடி வெளியிட்டாங்க). நார்வே ஐரோப்பிய ஒன்றியத்துல இல்லைன்னாலும், 1994-ல நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் மூலமா அது இங்கயும் செல்லும். இப்ப 2018-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்துல 41, 42-வது பிரிவுகள்ல இருக்கு. ரெண்டு விஷயம் முக்கியம். முதலாவது, ஒரு மென்பொருளைப் பாவிக்க உரிமை உள்ளவர், அதைச் சாதாரணமா ஓட்டும்போதே, அது எப்படி வேலை செய்யுதுன்னு கவனிக்கலாம், ஆராயலாம், சோதிச்சுப் பாக்கலாம். ரெண்டாவது, தனியா எழுதின இன்னொரு மென்பொருளை அதோட சேர்ந்து இயங்க வைக்கத் தேவைன்னா, நிரலைப் பிரிச்சு மேயவும் செய்யலாம். உரிமை உள்ளவர் சார்பா இன்னொருத்தரும் இதைப் பண்ணலாம். (மச்சாள் சார்பா நான்!)

பிரிச்சு மேயுறதுக்கு நிபந்தனைகள் உண்டு. அந்தத் தகவல் வேற வழியில லேசாக் கிடைக்கக் கூடாது. தேவையான பகுதியை மட்டும்தான் பிரிக்கணும். கிடைச்ச தகவலை வச்சு அதே மாதிரி ஒரு மென்பொருளை எழுதி விக்கக் கூடாது. இதெல்லாம் நியாயம்தானே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த வரி. இந்த உரிமைகளுக்கு எதிரா ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும் அது செல்லாது. 'செல்லுபடியாகலாம், ஆகாமலும் போகலாம்' இல்ல. செல்லவே செல்லாது. அதாவது "எங்க மென்பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு ஆராயக் கூடாது"ங்கிற அந்த வரி, இந்த ஊர்ல வெறும் மை.

சட்டப் புத்தகத்துல இருக்கிறது சரி, கோர்ட்டுல நிக்குமான்னு கேப்பீங்க. நின்னுருக்கு. எஸ்ஏஎஸ்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி, புள்ளியியல் படிச்சவங்களுக்குத் தெரியும். அதுக்கு எழுதின நிரல்களை அது இல்லாமயே ஓட்டக் கூடிய ஒரு மென்பொருளை வேர்ல்டு புரோகிராமிங்னு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி செஞ்சுது. எப்படி? எஸ்ஏஎஸ்ஸோட கற்றல் பதிப்பை முறையா வாங்கி, ஓட்ட ஓட்டப் பாத்து, கையேட்டைப் படிச்சு. அந்தக் கற்றல் பதிப்போட உரிமத்துல "வணிக வேலைக்குப் பாவிக்கக் கூடாது"ன்னு இருந்துச்சு. வழக்கு லண்டன்ல ஆரம்பிச்சு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2012 மே 2-ம் தேதி தீர்ப்பு: ஒரு மென்பொருள் என்ன செய்யுதுங்கிறதுக்கும், அதோட நிரல்மொழிக்கும், கோப்பு வடிவத்துக்கும் மென்பொருளுக்கான பதிப்புரிமை கிடையாது. உரிமம் வாங்கினவர் கவனிச்சு ஆராயுறதை உரிமத்தைக் காட்டித் தடுக்கவும் முடியாது.

இதோட முடிஞ்சிருந்தா நல்ல கதை. ஆனா எஸ்ஏஎஸ் அதே சண்டையை அமெரிக்காவுல, வடக்கு கரோலினாவுல போட்டுச்சு. அதே ரெண்டு கம்பெனி, அதே உரிமம். அங்க "பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டியா? போட்டே. மீறுனியா? மீறுனே"ன்னு முடிச்சுட்டாங்க. 2015-ல ஜூரி போட்ட நஷ்டஈடு 2.6 கோடி டாலருக்கு மேல. அந்த மாநிலச் சட்டப்படி அது மூணு மடங்காகி ஏறக்குறைய 7.9 கோடி டாலர் ஆச்சு. மேல்முறையீட்டுலயும் 2017-ல ஒப்பந்த மீறல்னுதான் சொன்னாங்க. அந்தக் காசை வசூலிக்கறதுக்கு எஸ்ஏஎஸ் லண்டனுக்குத் திரும்பி வந்தப்ப, 2018 டிசம்பர்ல அங்க உள்ள உயர் நீதிமன்றம் அமல்படுத்த மாட்டேன்னுருச்சு. எங்க சட்டம் செல்லாதுன்னு சொன்ன வரியை வச்சு வந்த தீர்ப்பு, அதை இங்க நடத்தறது எங்க பொதுக் கொள்கைக்கே விரோதம்னு ஒரு காரணம்.

ஒரே காகிதம். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் 7.9 கோடி டாலர், இந்தப் பக்கம் பூஜ்யம். "உரிமத்தால நீட்சிகளைத் தடுக்க முடியுமா?"ன்னு யாராவது ஒத்தை வரியில பதில் சொன்னா நம்பாதீங்க. எந்த ஊர்ல நின்னுக்கிட்டுக் கேக்குறீங்கன்னு முதல்ல பாக்கணும்.

இப்ப நான் நிக்கிற ஊருக்கு வருவோம். நார்வேக்காரங்களுக்கு இந்தச் சண்டை பழகின சண்டை. 'டிவிடி யூன்' ஞாபகம் இருக்கா? பழைய பதிவர்களுக்கு இருக்கும். யூன் லெக் யூஹான்சன். 1999 அக்டோபர்ல டிவிடி பூட்டைத் திறக்கிற டிசிஎஸ்எஸ்ங்கிற நிரல் வெளிய வந்தப்ப அவருக்கு வயசு 15. அப்ப லினக்ஸ்ல டிவிடி பாக்க முறையான வழி எதுவும் கிடையாது. காசு குடுத்து வாங்கின படத்தை, காசு குடுத்து வாங்கின கம்ப்யூட்டர்ல பாக்க முடியாது, ஏன்னா பூட்டோட சாவி உரிமம் வாங்கின பிளேயர்கள்கிட்ட மட்டும்தான். அமெரிக்க சினிமாக் கம்பெனிங்க புகார் குடுத்து, 2000 ஜனவரியில நார்வே பொருளாதாரக் குற்றப் போலீஸ் பையன் வீட்டுக்கே வந்துருச்சு.

வழக்கு போட்டது பதிப்புரிமைச் சட்டத்துல கூட இல்ல, குற்றவியல் சட்டத்துல. பூட்டை உடைச்சுப் பிறத்தியார் தகவலுக்குள்ள நுழைஞ்சதா. 2003 ஜனவரி 7-ம் தேதி ஓஸ்லோ நகர நீதிமன்றம் விடுதலை பண்ணுச்சு. நியாயமாக் காசு குடுத்து வாங்கின படத்தைப் பாக்க அவருக்கு உரிமை உண்டு, தன்னோட பொருளுக்குள்ள ஒருத்தர் எப்படித் திருட்டுத்தனமா நுழைய முடியும்? இந்த ஊர்ல அரசுத் தரப்பும் மேல்முறையீடு போகலாம். போனாங்க. 2003 டிசம்பர் 22, மறுபடி விடுதலை. 2004 ஜனவரியில போலீஸ் கைவிட்டுருச்சு. அன்ரி கேட்ட கேள்வியும் ஓஸ்லோ நீதிமன்றம் சொன்ன பதிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம்ங்கிறதைக் கவனிங்க. கலிஃபோர்னியாவுல இதே விஷயத்துக்கு நடந்த வழக்குல டிவிடி சங்கம் பிடிச்ச பிடி எது தெரியுமா? ஒரு பிளேயரை நிறுவும்போது கிளிக்குற 'சம்மதம்' பொத்தானைத்தான். பிரிச்சுப் பாக்க மாட்டேன்னு ஒத்துக்கிட்டுத்தானே நிறுவினாங்க, அப்ப எங்க ரகசியத்தைத் திருடிட்டாங்கன்னு.

யூன் அதோட நிக்கல. 2005 மார்ச்ல இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து பைமியூசிக்னு ஒண்ணு விட்டார். ஆப்பிளோட ஐட்யூன்ஸ் கடைக்கு வெளியாள் எழுதின வாசல். லினக்ஸ்லேருந்தும் பாட்டு வாங்கலாம், வாங்கின பாட்டுல பூட்டும் இருக்காது, ஏன்னா பூட்டுப் போடுற வேலை கடையில இல்ல, ஆப்பிளோட சொந்த மென்பொருள்லதான் நடந்துச்சு! ஆப்பிள் சில நாள்லயே கடைப் பக்கம் மாத்தி அடைச்சுது. மறுநாளே இவங்க திறந்தாங்க. ஆப்பிள் கோர்ட்டுக்குப் போகலங்கிறதைக் குறிச்சு வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

அடுத்த வருஷம் நார்வே அரசாங்கத்து ஆளுங்களே களத்துல இறங்கினாங்க. 2006 ஜனவரியில நுகர்வோர் மன்றம், ஐட்யூன்ஸ் விதிமுறைகள் அநியாயம்னு நுகர்வோர் குறைதீர்ப்பாளர் பியோர்ன் எரிக் தூன்கிட்ட புகார் குடுத்துச்சு. புகார்ல இருந்த ஐட்டங்களைப் பாருங்க: பாட்டு வித்த பிறகும் உங்க உரிமைகளை நாங்க மாத்துவோம், ஏதாவது சேதமானா பொறுப்பில்ல, தகராறு வந்தா இங்கிலாந்து சட்டம்தான் (ஓஸ்லோவுல உக்காந்து ஓஸ்லோக்காரருக்கு வித்துட்டு!), பாட்டு எங்க பெட்டியில மட்டும்தான் பாடும். அந்த ஜூன்லயே தூன், பல விதிகள் சந்தைப்படுத்தல் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிட்டார். 2007 ஜனவரியில அந்தப் பாட்டுப் பூட்டே சட்டவிரோதம்னு அறிவிச்சார். அடுத்த மாசம் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதி, பூட்டு வேணும்னு கேக்கறது பாட்டுக் கம்பெனிங்க, ஐரோப்பாக்காரங்க அவங்ககிட்டப் போய்ச் சொல்லட்டும்னார். 2009 ஜனவரியில ஆப்பிள் பாட்டுகளுக்குப் பூட்டை எடுக்கறதா அறிவிச்சுது. அடுத்த மாசம் தூன் கோப்பை மூடினார். நார்வே மட்டுமே சாதிச்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன், போட்டிக் கடைங்க வந்ததும் காரணம்தான். ஆனா "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டே, வாயை மூடு"ங்கிற வாதம் இந்த ஊர்ல எடுபடாதுங்கிறதுக்கு இது சாட்சி. போதாததுக்கு 1918-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 36-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அநியாயமான விதியை நீதிமன்றம் ஒதுக்கி வைக்கலாம். தோழிக்கு அந்தப் பிரிவு மேல ஒரு காதலே உண்டு.

அமெரிக்காக் கதையை வேகமா சொல்லிடறேன், ஏன்னா நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் அங்கதான் இருக்கீங்க. 1992-ல நின்டென்டோ விளையாட்டுல கூடுதல் உயிர் குடுக்குற கேம் ஜீனிங்கிற சாதனம் வழக்குல ஜெயிச்சுது: ஓடிக்கிட்டிருக்கிற விளையாட்டைத் தற்காலிகமா மாத்துது, புதுசா எதையும் படைக்கல. 1998-ல டியூக் நியூக்கெம் விளையாட்டுக்கு ரசிகர்கள் செஞ்ச 300 கூடுதல் கட்டங்களைத் திரட்டிக் குறுந்தட்டுல வித்த கம்பெனி தோத்துச்சு: கதையையே நீட்டிட்டாங்க, அது ரெண்டாம் பாகம் மாதிரின்னு. 2005-ல பிலிஸார்ட் விளையாட்டுகளுக்கு மாற்று சர்வர் எழுதின தன்னார்வலர்கள் தோத்தாங்க, முக்கியமா அந்தக் கிளிக் ஒப்பந்தத்தாலயே. 2010-ல இன்னொரு வழக்குல, உரிமத்துல எழுதின ஒரு தடையை மீறினதாலயே அது பதிப்புரிமை மீறல் ஆகிடாது, பல தடைகள் வெறும் வாக்குறுதிகள்தான்னு ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லுச்சு. (அந்த ஆள் வேற காரணத்துல மாட்டிக்கிட்டார். பூட்டுடைப்புச் சட்டம்.) இதுலேருந்து ஒரு விதி எடுக்க முடிஞ்சா எனக்கும் சொல்லுங்க :-)

பொட்டி தட்டுறவங்களுக்கு இன்னும் பக்கத்துல இருக்கிற கதை டெஸ்ட்டிரிவன் டாட்நெட். ஜேமி கான்ஸ்டேல்ங்கிற பிரிட்டன்காரர் மைக்ரோசாஃப்டோட விஷுவல் ஸ்டூடியோவுக்கு எழுதின நீட்சி. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புல நீட்சி எதுவும் வேலை செய்யாதபடி மைக்ரோசாஃப்ட் வச்சிருந்துச்சு, இவர் அதுலயும் ஓட வச்சுட்டார். உரிமத்துல "தொழில்நுட்ப வரம்புகளைச் சுத்திப் போகக் கூடாது"ன்னு ஒரு வரி. அதைக் காட்டி வக்கீல் கடிதங்கள் வந்துச்சு. 2007-ல அவர் கடிதங்களை எல்லாம் அப்படியே பொதுவுல போட்டுட்டார். 2014-ல மைக்ரோசாஃப்டே நீட்சிகள் ஓடுற ஒரு இலவசப் பதிப்பை விட்டுச்சு. ஏழு வருஷம் முன்னாடி வக்கீலுக்குக் குடுத்த காசை யார் குடுப்பா?

ஐரோப்பாவுல இப்ப வந்த பெரிய தீர்ப்பு சோனிக்கும் டேட்டெல்லுக்கும் நடந்தது. பிஎஸ்பி கைப்பெட்டியில ஒரு பந்தய விளையாட்டு. டர்போவை அளவோடதான் பாவிக்கலாம். டேட்டெல்லோட ஆக்‌ஷன் ரீபிளேயைப் போட்டா அளவே இல்லாம பாவிக்கலாம். அது விளையாட்டோட நிரலைத் தொடல, ஓடும்போது நினைவகத்துல இருக்கிற எண்களை மட்டும் மாத்துச்சு. பத்து வருஷத்துக்கு மேல இழுத்த வழக்கு. 2024 அக்டோபர் 17-ல ஐரோப்பிய நீதிமன்றம், அந்த எண்கள் நிரலோட பாதுகாக்கப்பட்ட பகுதி இல்லன்னுருச்சு. 2025 ஜூலை 31-ல ஜெர்மனி உச்ச நீதிமன்றமும் சோனியைத் திருப்பி அனுப்பிருச்சு. ஆனா அன்னைக்கே அதே நீதிமன்றம் விளம்பரத் தடுப்பு நீட்சி வழக்குல, ஆக்ஸல் ஸ்பிரிங்கர் பத்திரிகைக் குழுமம் போட்டது, முடிவு சொல்லாம மறுபடி ஹாம்பர்க்குக்கே அனுப்பிருச்சு. வலைப்பக்கத்தோட நிரலை அந்த நீட்சி மாத்துதான்னு சரியா ஆராயலயாம். எண்ணை மாத்தினா தப்பில்ல, நிரலை மாத்தினா? அந்தக் கோடு எங்க இருக்குன்னு தெரிய இன்னும் நாளாகும்.

இதெல்லாம் படிச்சுட்டுத் தெம்பா கம்பெனிக்குப் பதில் போட்டேன். தோழி திருத்தின நோர்ஸ்க்ல, ரெண்டே பத்தி. நாங்க உங்க நிரலை நகல் எடுக்கல, மாத்தல, பிரிக்கக் கூட இல்ல. ஓட்டும்போது கவனிச்சோம், அவ்வளவுதான். 41-வது பிரிவு, 42-வது பிரிவு. நீட்சியை எடுக்கப் போறதில்ல, வணக்கம். பத்து நாள் கழிச்சு ஒரு வரியில பதில் வந்துச்சு: இந்த விஷயத்தை மேற்கொண்டு தொடர எண்ணமில்லை.

அன்ரி அன்னைக்குக் கொழுக்கட்டை அவிச்சாங்க.

மூணு வாரம் கழிச்சு அந்த மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பு வந்துச்சு. இப்ப கிளிக்குற வார்த்தை கோப்புல எழுதப்படறதில்ல. நேரா அவங்க சர்வருக்குப் போகுது, அர்த்தம் அங்கேருந்து வருது. என் நீட்சி மூலையில உக்காந்து வெறிச்சுப் பாத்துக்கிட்டிருக்கு.

என்னைக் குறி வச்சுப் பண்ணினாங்கன்னு சொல்ல ஆதாரம் இல்ல. எல்லாருமே சர்வருக்கு மாத்திக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா சட்டம் நின்னுபோற இடம் இதுதான். என் நீட்சியைத் தடுக்க உரிமத்தால முடியல, புதுப்பிப்பால முடிஞ்சுது. கவனிக்க, ஆராய, பிரிக்க எனக்கு உரிமை உண்டு. கதவைத் திறந்தே வைங்கன்னு அவங்களைக் கேக்க அந்த நெறிமுறையில வழி இல்ல. பைமியூசிக் விஷயத்துல ஆப்பிள் கோர்ட்டுக்குப் போகாம கடைப் பக்கம் அடைச்சுதே, அதே வழி. ஐபாட்ல மத்த கடைப் பாட்டுகளை ஓட விடாத ஐட்யூன்ஸ் புதுப்பிப்புகளைப் பத்தி 2014 டிசம்பர்ல ஓக்லாண்டுல ஒரு ஜூரி விசாரிச்சப்ப, அது உண்மையான முன்னேற்றம்தான்னு ஆப்பிள் பக்கம் சொல்லிட்டாங்க. கதவைத் திறந்து வைக்கிறவங்களும் நிபந்தனையோடதான் வைக்கிறாங்க. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டுக்கு ஆயிரக்கணக்குல நீட்சி உண்டு, ஆனா 2009-ல பிலிஸார்ட் விதி போட்டுருச்சு: காசு வாங்கக் கூடாது, நிரலை மறைக்கக் கூடாது, விளையாட்டுக்குள்ள நன்கொடை கேக்கக் கூடாது. அங்க கோர்ட்டே தேவையில்ல. விதியை மீறினா நீட்சி ஓடாது, அவ்வளவுதான்.

அதனால என் கட்சி என்னன்னா, 'ஆராயக் கூடாது'ங்கிற வரியைப் பாத்துப் பயப்படாதீங்க (ஐரோப்பாவுல இருந்தா). உங்க நீட்சி எதைச் சார்ந்து நிக்குதுன்னு பாத்து பயப்படுங்க. பயனரோட கணினியில இருக்கிற கோப்பைச் சார்ந்திருந்தா கொஞ்ச நாள் பிழைக்கும். சர்வரைச் சார்ந்திருந்தா தினமும் கும்பிட்டுட்டுத்தான் தூங்கணும்.

தமிழ் எழுதறவங்களுக்கு இது புதுசும் இல்ல. ரொம்ப வருஷம் விண்டோஸ்ல நாம தமிழ் தட்டினதே இன்னொருத்தர் வீட்டுல அடிச்ச ஆணியிலதான். இ-கலப்பையோட ஆரம்பப் பதிப்புகள் கீமேன்ங்கிற வெளிநாட்டு மென்பொருள் மேல உக்காந்து ஓடினது. அப்புறம்தான் அதைச் சாராம, திறந்த மூலமா, புதுசா எழுதினாங்க. அன்ரியோட சொற்பட்டியலையும் இப்ப அப்படித்தான் தனியாப் பிரிச்சு எடுத்துக்கிட்டிருக்கேன். எந்த மென்பொருளையும் நம்பாம, எந்தப் பக்கத்துலேருந்தும் வெட்டி ஒட்டிப் பாக்கிற மாதிரி. வேகம் கம்மி. மச்சாளுக்குப் பிடிக்கல. "முந்தினது தான் சுகம், தம்பி"ங்கிறாங்க.

ஊர்ல இருக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்துலயும் 52-வது பிரிவுல இதே மாதிரி ரெண்டு வரி 1999 திருத்தத்துல சேர்த்திருக்காங்க. தனியா எழுதின மென்பொருளைச் சேர்ந்து இயங்க வைக்கத் தேவையான தகவலை எடுக்கலாம், ஓடுறதைக் கவனிச்சு ஆராயலாம். ஆனா ஒப்பந்தத்துல எதிரா எழுதினா செல்லாதுங்கிற அந்த மூணாவது வரி அங்க இல்ல. அப்ப சென்னையில உக்காந்து ஒருத்தர் நான் எழுதின அதே நீட்சியை எழுதி, அதே மடல் வந்தா, 52-வது பிரிவு ஜெயிக்குமா, கிளிக் ஒப்பந்தம் ஜெயிக்குமா? கருப்பு கோட்டு போட்ட பதிவர்கள் யாராவது பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.